நைனா திருத்திய கேள்வித்தாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். வயதானால் குறைந்துவிடும் என்றார்கள். எங்கே குறைந்தது? நேற்றுகூடப் பால்காரரோடு ஒரு சண்டை. கோபப்பட்டதற்காக நான் பெரிதாக வருந்துகிற ஆளும் இல்லை. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் என்னையே பிடித்து நாலு அறை விட வேண்டும் போலிருக்கும். அறுபதுகளின் நடுவில் நானும் என்னைப் பெற்ற நைனாவும் ஒரே பரீட்சைக்குக் கணக்குப் படித்தோம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நைனா செஞ்சி தாலுகா ஆபீஸில் பியூன். காக்கிச் சட்டை, குறுக்கே சிவப்பு டவாலி, அதில் பித்தளை வில்லை. ஆபீஸுக்குள் மணி அடித்தால் ஓடுவது பாதி வேலை. மீதிப் பாதி ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவது. வல்லம், மேல்சித்தாமூர், பனமலை என்று பஸ் போகிற இடத்துக்கு பஸ், போகாத இடத்துக்கு நடை. பதினெட்டு வருஷம் நடந்து நடந்து அவருடைய இடது கால் கெட்டுப்போனது. கெண்டைச்சதையில் நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்துக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே ஒரு புண். ஆறுவது போலிருக்கும், மறுபடி வாயைத் திறக்கும். அம்மா தினமும் வேப்பிலை போட்ட வெந்நீரில் கழுவித் துணி கட்டுவாள். டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "நடக்கிறத வுட்டாத்தான் இது ஆறும். உக்காந்து செய்யற வேலையா பாத்துக்க. இல்லன்னா காலே போயிடும்."

உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று ஆபீஸிலேயே வரவிருந்தது. ரெக்கார்டு கிளார்க் ஒருவர் ஜூலையில் ரிட்டையர் ஆகிறார். அந்த இடத்தில் ஒரு பியூனைப் போடலாம், ஆனால் அவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. நைனாவுக்கு முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. அவரும் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர்தான். மற்றப் பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் போய்விட்டது. நடுவில் இரண்டு தடவை பிரைவேட்டாக எழுதிப் பார்த்தார். இரண்டு தடவையும் கணக்கு அவரைக் குப்புறத் தள்ளியது. "இந்த மார்ச்சுல வுட்டா அவ்ளோதான்ப்பா, அப்பறம் நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஹெட் கிளார்க் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அதே மார்ச்சில் நானும் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டும். வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். அந்தத் தலைக்கனம் வேறு. பொங்கல் முடிந்த கையோடு நைனா தன் பழைய புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "கண்ணு, எனுக்கும் சேத்துச் சொல்லிக் குடேன்" என்றார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சரி என்றேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏழு வரை படிப்பது என்று வைத்துக்கொண்டோம். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் இடது காலை நீட்டிக்கொண்டு, மடியில் ஒரு பலகையை வைத்து நைனா எழுதுவார். முதல் வாரமே தகராறு. தொட்டிக் கணக்கு. ஒரு தொட்டியை ஒரு குழாய் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் பதினைந்து மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டால் எவ்வளவு நேரமாகும்? நான் பன்னிரண்டில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று கடகடவென்று எழுதிக் கூட்டிக்கொண்டே போனேன். நைனா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு கண்ணு. தொட்டி எவ்ளோ புடிக்கும்னே சொல்லலியே?"

"அது தேவையில்ல நைனா."

"தேவையில்லாம எப்புடி? சின்னத் தொட்டின்னா சீக்கிரம் ரொம்பிடுமே."

"அதான் பன்னண்டு மணி நேரம்னு குடுத்துட்டாங்களே!"

"பன்னண்டு மணி நேரம், சரி. பன்னண்டுல ஒண்ணு எங்கேர்ந்து வந்துது?"

நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் அதே வார்த்தைகள்தான், குரல் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. சொல்லிக்கொடுப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். ஐந்தாவது தடவையும் அவர் "ஏன்" என்று வாயெடுத்ததும் பென்சிலைத் தூக்கி எறிந்தேன். "உனுக்கு இன்னாத்துக்கு ஏன், எதுக்குன்னு? இப்புடிக் கேட்டுக்கினு இருந்துதான் ரெண்டு தபாவும் பெயிலாப் போன. புரியவே வேணாம் நைனா. மனப்பாடம் பண்ணு, போதும்!"

அடுப்பங்கரையிலிருந்து அம்மா கத்தினாள். "பெத்தவருகிட்ட பேசற பேச்சாடி இது? வாய்ல சூடு வெச்சா சரியாப் போவும்!" நைனாவுக்குக் கோபமே வரவில்லை. "வாத்தியாரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ சும்மா இரு" என்று அம்மாவை அடக்கினார். காலை மெதுவாகக் கீழே இறக்கி, உருண்டு போயிருந்த பென்சிலை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். அன்றைக்கே பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால் நான் திருந்தியிருப்பேன். அதற்குப் பிறகு அவர் ஏன் என்று கேட்கவே இல்லை.

எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அதில் இருபத்துநாலு கணக்குகளையும் ஒன்பது தேற்றங்களையும் முழுசாக, விடையோடு எழுதினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் தேற்றங்களை இப்படித்தான் கடம் அடித்தார்கள். முப்பத்தைந்து மார்க் வந்தால் பாஸ். "இதுலேர்ந்துதான் நைனா வரும். வார்த்தைக்கு வார்த்தை இதேதான் வரும்" என்று அடித்துச் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? நான்தான் கேள்வித்தாள் தயாரிக்கிறவள் மாதிரி ஒரு பேச்சு.

நைனா அந்த நோட்டை ஆபீஸ் ரிஜிஸ்தரைப் போலப் பழுப்புத்தாளில் அட்டை போட்டு வைத்துக்கொண்டார். நோட்டீஸ் கொண்டு போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கோட்டைக்குப் போவோம். பரீட்சைக் காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள், ஆளுக்கொரு மண்டபமாகப் பிடித்துக்கொண்டு. நைனா பிடித்துக்கொண்டது நெற்களஞ்சியம். உள்ளே நின்று பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வரும். ஒரு தடவை சொன்னால் மூணு தடவை மண்டையில் ஏறும் என்பது அவர் கட்சி. "ஏ பி சி ஒரு முக்கோணம் என்க" என்று அவர் உள்ளே நின்று முழங்குவார். "உங்க நைனா இன்னா, மந்திரம் ஓதறாரா?" என்று என் வகுப்புப் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். அவரோடு வந்தவளே இல்லை என்பது போல எட்டப் போய் உட்கார்ந்து என் பாட்டுக்குப் படிப்பேன்.

பிப்ரவரி முடிவதற்குள் நோட்டு முழுவதும் அவருக்குப் பாடமாகிவிட்டது. "பதினேழாம் பக்கம்" என்றால் போதும், முதல் வரியிலிருந்து விடைவரை கொட்டுவார். ஓர் எழுத்து பிசகாது. நான் தலையாட்டிக்கொண்டே கேட்பேன். அம்மாகூட, "பரவால்லியே, ரெக்கார்டு ரூம்புல நாற்காலி ரெடின்னு சொல்லு" என்று கேலி பேச ஆரம்பித்துவிட்டாள்.

நைனாவின் ஆபீஸ் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நோட்டீஸில் சர்வே நம்பர் ஒன்று மாறிப்போனால் எட்டு மைல் திரும்ப நடக்க வேண்டியது அவர்தான், எழுதின கிளார்க் இல்லை. அதனால் நோட்டீஸ் கைக்கு வந்ததும் ரிஜிஸ்தரை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார். எண் மாறியிருந்தால் ரிஜிஸ்தரில் உள்ளபடி திருத்தி வாங்கிக்கொண்டுதான் படி இறங்குவார். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட ரிஜிஸ்தர் தப்பாக இருந்ததில்லை, நோட்டீஸ்தான் தப்பாக இருக்கும் என்று பெருமையாகச் சொல்வார். அந்தக் கால் வலியில் வந்த ஜாக்கிரதை அது.

பரீட்சை வந்தது. பிரைவேட்டாக எழுதுகிறவர்களுக்கும் எங்கள் பள்ளிக்கூடம்தான் சென்டர். நைனா லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவருக்குக் கடைசி ஹாலில் இடம், எனக்கு முதல் ஹாலில். கேள்வித்தாளைப் பிரித்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தொட்டிக் கணக்கு வந்திருக்கிறது, ரயில் கணக்கு வந்திருக்கிறது, வட்டத்தில் நான் எழுதிக்கொடுத்த தேற்றமே வந்திருக்கிறது! எல்லாம் நைனா நோட்டில் உள்ளவை. தொட்டிக்குப் பத்து மணி, பதினைந்து மணி என்று கொடுத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் என்று போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். எண் மாறியிருக்கிறது என்பது எனக்கு உறைக்கக்கூட இல்லை. எனக்கு எந்த எண்ணாக இருந்தால் என்ன?

மணி அடித்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் நைனா நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் கண்ணு! சொன்னாப்பலியே அத்தினியும் வந்துட்டுது. ஆனா பாரு, கேள்வித்தாள்ல ஏகப்பட்ட பிசகு. அச்சடிக்கிறவன் தூங்கிட்டான் போலக்குது. நான் எல்லாத்தையும் திருத்திட்டேன்."

கேள்வித்தாளை என் கையில் கொடுத்தார். தொட்டிக் கணக்கில் பத்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டிருந்தார். தேற்றத்தின் படத்தில் இருந்த பி, கியூ, ஆர் எழுத்துகளை அடித்துவிட்டு ஏ, பி, சி. ரயில் கணக்கில் ரயிலின் நீளமே மாறியிருந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஆபீஸில் செய்கிற மாதிரி ஒரே கோட்டால் அழகாக அடித்து, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து வேறு. விடைத்தாளிலும் விடவில்லையாம். ஒவ்வொரு கணக்குக்கும் மேலே, "கேள்வித்தாளில் எண் பிழை, சரியான எண்ணின்படி செய்யப்பட்டுள்ளது" என்று குறிப்பு எழுதிவிட்டுத்தான் ஆரம்பித்தாராம்.

ஐயோ, என் நைனாவே! வார்த்தைக்கு வார்த்தை இதேதான் வரும் என்று சொன்னது இந்தப் பாழும் வாய்தானே. நோட்டில் இருப்பதுதான் ரிஜிஸ்தர் என்று அவர் நம்பினார். நம்பவைத்தவள் நான்.

"இன்னா கண்ணு பாக்கற? சரிதானே?"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். "சரிதான் நைனா" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவருக்குத் தெரியாமல் மார்க் போட்டுப் பார்த்தேன். எப்படி எப்படித் தாராளமாகப் போட்டாலும் இருபதைத் தாண்டவில்லை. யாராவது இரக்கப்பட்டுப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திருத்துகிறவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று செட்டிகுளத்தங்கரைப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லாம் செய்தேன்.

ஏப்ரல் நடுவில் ஒரு நாள் நைனா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கடலூரில் கலெக்டர் ஆபீஸில் டபேதார் இடம் ஒன்று காலியாகிறதாம். பெரிய துரை அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற வேலை. ஊர் ஊராக நடக்க வேண்டியதில்லை. ஹெட் கிளார்க் இவர் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "நீ மனு போட்டா நான் எழுதி அனுப்பறேன், உனுக்கே கெடைக்கும். ஆனா அங்க போய்ட்டா இங்க கிளார்க் லிஸ்ட்ல உன் பேரு இருக்காது. ரெண்டுல எதுன்னு சனிக்கெழமக்குள்ள சொல்லிடு" என்றிருக்கிறார்.

அம்மா, "கெடைக்கிறத வாங்கிக்கினு போலாமே" என்றாள். நைனா இடது காலை நீட்டி உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீதான் கண்ணு சொல்லணும். கணக்கு தேறிடும் இல்ல? தேறிடும்னா நான் ஏன் போயி இன்னொரு வாசல்ல நிக்கணும், நாற்காலியிலயே உக்காந்துக்கலாமே. சந்தேகமா இருந்தா சொல்லிடு, மனு போட்டுடறேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிக் கேட்பார்? வாயைத் திறந்து, "மனு போட்டுடு நைனா" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்டிருப்பார். அப்புறம் மரத்தடியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார். பென்சிலைத் தூக்கி எறிந்ததுவரை எல்லாம் வெளியே வந்திருக்கும். வகுப்பில் முதல், கணக்கில் புலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த என் பெயர் என்ன ஆவது? அதை நினைத்தேன். அவர் காலை நினைக்கவில்லை.

"தேறிடும் நைனா" என்றேன்.

அவரைவிடப் பத்து வயது சின்னவரான இன்னொரு பியூன் மனு போட்டார். மே மாசம் கடலூருக்குப் போய்விட்டார். போகிற அன்று நைனாதான் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தார்.

ரிசல்ட் பேப்பர் திண்டிவனத்திலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் வந்தது. என் நம்பர் இருந்தது. நைனா நம்பர் இல்லை. அவர் விரலை வைத்து மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே என்று மூன்று தடவை தேடினார். பிறகு என் நம்பரைத் தொட்டுக் காட்டி, "நீ பாஸு கண்ணு" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டையும் கேள்வித்தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒரு எழுத்துகூட நான் வுடலியே. எங்க பிசகிச்சி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். "பிசகே இல்ல நைனா. எண்ண மாத்தித்தான் கேப்பாங்க. எழுத்த மாத்தித்தான் குடுப்பாங்க. நீ திருத்தியிருக்கக் கூடாது."

"அப்ப பத்துன்னா, பத்தேதானா?"

"ஆமா நைனா."

நோட்டை மூடித் தள்ளி வைத்தார். கேள்வித்தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "பத்து. பதினஞ்சு. சரி, தொட்டில முப்பது குடம் புடிக்கும்னு நாமளே வெச்சிக்குவோம். பத்து மணில ரொப்புறது, மணிக்கு மூணு குடம். பதினஞ்சு மணில ரொப்புறது, மணிக்கு ரெண்டு குடம். ரெண்டும் சேந்தா அஞ்சு. முப்பது குடத்துக்கு" என்று விரலை மடக்கி, "ஆறு மணி நேரம். சரியா கண்ணு?"

சரி என்றேன். பின்னமே இல்லாமல், பேப்பரே இல்லாமல் அந்தக் கணக்கைப் போட ஒரு வழி இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. எந்த வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை அவருக்கு.

"அட, இவ்ளோதானா இது?" என்றார். ஒரு நிமிஷம் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. அப்புறம் அது அணைந்தது. என்னைப் பார்த்தார்.

"மரத்தடியில உங்கிட்ட காட்டினேனே. அப்பவே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டபேதார் வேலைக்கு மனு போடவான்னு கேட்டப்ப?"

"தெரியும் நைனா."

திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. எழுந்து காலுக்கு அவரே துணி கட்டிக்கொண்டார். டவாலியை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். அன்றைக்கு அவருக்குப் பனமலை நோட்டீஸ்.

அதற்குப் பிறகு என்னோடு பேசாமல் இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத்தான் பேசினார். நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குப் போனபோது ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஆனால் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் ஆபீஸ் கடுதாசி வந்தால் இதற்கு என்ன அர்த்தம் கண்ணு என்று என்னிடம்தான் கொண்டுவருவார். இப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோவார். நானாகச் சொன்னால் "அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டு, பிறகு வேறு யாரிடமாவது விசாரிப்பார். வேண்டுமென்று செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எட்டு வருஷம் அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடந்தார். சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டது. பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் போய்க் கட்டிலருகில் நின்று, அப்படியே ஒன்றுவிடாமல் சொன்னேன். "எடுத்துட்டா சரியாயிடும் நைனா. பயமே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

தலையை ஆட்டினார். வார்டில் ஓர் அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். நைனா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ தெனம் பாக்கறவ. கால எடுத்துட்டா ஆளு பொழச்சிக்கிறானா? நெஜத்த சொல்லு."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பொழச்சிக்கிறாங்கண்ணே. எத்தினியோ பேரு எழுந்து போயிருக்காங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.